இரத்தம் ஊறுகிற வைன்

நான் வேலை செய்கிற, காணி உறுதிகள் எழுதும் நொத்தாரிசு ஐயாவின் அலுவலகம் மேல்மாடியில் இருக்கிறது. பதினெட்டுப் படிகள். தை மாதம் வரைக்கும் நான் அவற்றை எண்ணியதில்லை. அதற்குப் பிறகு ஒன்பதாவது படியில் ஒருமுறை நிற்கத் தொடங்கினேன். மாசி பிறந்தபோது ஆறாவதிலும் பன்னிரண்டாவதிலும் நிற்க வேண்டியிருந்தது. பன்னிரண்டாவது படிக்கு நேரே ஒரு ஜன்னல் உண்டு. அதற்குள்ளால் உள்துறைமுகத்தில் ஒரு துண்டும், நிற்கிற கப்பலின் பின்பக்கமும் தெரியும். கப்பல் பார்க்கிறேன் என்று மற்றவர்கள் நினைக்கட்டும் என்று கைப்பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு நிற்பேன்.

எனக்கு வயது நாற்பத்தாறு. பெயர் கஜந்தி. கருப்பையில் கட்டி இருக்கிறது, பயப்படுகிற சாதி இல்லை, ஆனால் எடுத்துவிடுவது நல்லது என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். மாதத்தில் பத்து நாள் இரத்தம் போனால் ஒரு மனுஷியிடம் என்ன மிஞ்சும்? ஏழு தசம் நான்கு மிஞ்சியிருந்தது. ஹீமோகுளோபின் என்ற சொல்லுக்கு நேரே அந்த இலக்கம் எழுதியிருந்த துண்டை டொக்டர் விரலால் தட்டிக் காட்டினார். சத்திரசிகிச்சைக்குக் குறைந்தது பத்து வேண்டும். இரத்தம் ஏற்றியும் செய்யலாம், அது அவசரத்துக்கு. எனக்கு இன்னும் நேரம் இருக்கிறது, இரும்புக் குளிசை போட்டால் தானாக ஏறிவிடும் என்றார். இரத்தப்போக்கைக் குறைக்க வேறொரு குளிசையும் எழுதினார். பங்குனி பதினெட்டு என்று திகதி போட்டுத் தந்தார்.

அந்தத் திகதியைச் சுற்றித்தான் வீட்டில் எல்லாவற்றையும் அடுக்கினோம். என் கணவர் தனஞ்சயன் சீனன்குடாவில், எண்ணெய்த் தாங்கிகள் நிற்கிற குதத்தில் பம்ப் இயக்குகிறவர். பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்து, தன்னுடைய வேலை முறைகளை இரண்டு பேரோடு மாற்றிக்கொண்டார். மகள் துஷாந்தி வந்தாறுமூலையில் படிக்கிறாள். அவளுக்கு அந்தக் கிழமை பல்கலைக்கழகம் இல்லை, வந்து சமைப்பாள். நொத்தாரிசு ஐயா எனக்குப் பதிலாக உறுதி எழுதத் தெரிந்த ஒரு பிள்ளையைப் பேசி வைத்தார். எல்லாம் ஒழுங்கு. என் உடம்பு மட்டும்தான் பாக்கி.

குளிசைகளை எப்படிப் போடுவது என்று கிளினிக்கில் விளங்கப்படுத்துவது பரீதா என்கிற தாதி. பரீதா மிஸி என்போம். கிண்ணியாக்காரி. குரல் பெரிதுதான், ஆனால் முகக்கவசத்துக்குள்ளால் ஒரே நேரத்தில் நாலு பேருக்குப் பதில் சொல்வார். மேலே விசிறி கடகடவென்று சுற்றும், வெளியே இலக்கம் கூப்பிடுவார்கள். காலையில் ஒன்று, இரவில் ஒன்று, சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முந்தி. வெறுந்தேத்தண்ணியோடு போட வேண்டும், பாலோடு கூடாது என்றார். நான் வீட்டுக்கு வந்ததும் அதை அப்படியே ஒரு கொப்பித் தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். பால் மருந்தை முறித்துப்போடுமாக்கும் என்று தனஞ்சயனுக்கு விளக்கமும் சொன்னேன்.

பால் விட்ட தேத்தண்ணி குடிக்காமல் எனக்கு விடிந்ததே இல்லை. அன்றோடு விட்டேன். தனஞ்சயனுக்குக் காலை முறை என்றால் ஐந்தேகாலுக்கு பஸ். நாலரைக்கே எழும்பிக் குசினிக்குப் போய், இஞ்சி தட்டிப் போட்டு, சாயம் கடுமையாக ஒரு கோப்பை வெறுந்தேத்தண்ணி ஊற்றி, குளிசையையும் எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு வருவார். குளிசை வயிற்றைப் பிரட்டும். தேத்தண்ணி அதை அமத்தும். அலுவலகத்தில் என்னோடு வேலை செய்கிற ஹுஸ்னியாவுக்கும் சொல்லி வைத்திருந்தேன். பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் அவள்தான் எங்களுக்குத் தேத்தண்ணி போடுவாள். எனக்கு மட்டும் பால் விடாமல், மருந்துக்கு நல்லது என்று சாயத்தை இன்னும் கொஞ்சம் கூட்டித் தருவாள்.

குளிசை போட்ட ஒவ்வொரு முறையும் கலண்டரில் சிறிய சரி அடையாளம் போட்டேன். காலைக்கு நீலம், இரவுக்குச் சிவப்பு. ஒன்றுகூடத் தவறவில்லை. மாசி நடுவில் இரத்தம் சோதித்தபோது ஏழு தசம் ஐந்து.

ஆறு கிழமையில் ஒரு தசம்தான் கூடியிருந்தது. குளிசை ஒழுங்காகப் போடுகிறேனா என்று டொக்டர் கேட்டார். கலண்டர் தாளைக் கழற்றிக் கொண்டு போயிருந்தேன், காட்டினேன். பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். ஈரல், கீரை, பேரீச்சம்பழம் என்று ஒரு பட்டியல் சொன்னார். பங்குனி பத்தாந் திகதி மறுபடி பார்ப்போம், பத்துக்குக் கிட்ட வராவிட்டால் அந்த இடத்தைக் காத்திருக்கிற இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டி வரும், பிறகு உங்களுக்கு வேறு நாள் பார்க்கலாம் என்றார். 

ஈரல் தின்றேன். முருங்கைக்கீரை தின்றேன். எள்ளுப்பாகு தின்றேன். களைப்பு என்பது உடம்பு நோவு மாதிரி இல்லை. அதை ஒருவருக்குக் காட்ட முடியாது. தலை வாரும்போது கையை உயர்த்தி வைத்திருக்க முடியாமல் இறக்கிவிடுவேன். பாதி பின்னலோடு கட்டிலில் இருந்து, மீதியைப் பிறகு பின்னுவேன். நொத்தாரிசு ஐயா சொல்லச் சொல்ல எழுதுகிற உறுதிகளில் ‘வடக்கு எல்லை’ என்பதை இரண்டு தரம் எழுதிவிட்டு, தெற்கை விட்டுவிட்டேன். ஐயா கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

அந்தக் கிழமைதான் தனஞ்சயன் வைன் கதையோடு வந்தார்.

அவருடைய மேற்பார்வையாளர் ஞானசேகரம் என்று ஒருவர். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கிறது. எந்த வருத்தத்துக்கும் அவரிடம் ஒரு கைமருந்து உண்டு. சிவப்பு வைன் குடித்தால் இரத்தம் ஊறும் என்று சொல்லியிருக்கிறார். வெள்ளைக்காரர் அப்படிக் குடித்துத்தான் அந்த மாதிரிச் சிவந்து போயிருக்கிறார்களாம். விலை கூடின போத்தல் தேவையில்லை, உள்ளதில் மலிவானதே போதும். இரத்தத்துக்கு வேலை செய்வது அதன் நிறம்தான், நிறம் எல்லாவற்றிலும் ஒன்றுதான் என்பது அவருடைய முடிவு.

எங்கள் வீட்டில் யாரும் குடிப்பதில்லை. தனஞ்சயன் ஒரு கலியாண வீட்டில் பியர் குடித்துவிட்டு, இதை ஏன் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்று கேட்டவர். ஆனால் வைன் குடிவகைக்குள் சேர்த்தி இல்லை, அது மருந்துக்கும் கேக்குக்கும் உரியது என்றொரு எண்ணம் எங்கள் பக்கத்தில் பலருக்கு உண்டு. எனக்கும் இருந்தது. பத்து நாட்களுக்குள் இரண்டு தசம் ஐந்து ஏற வேண்டிய ஒருத்திக்கு வேறு என்ன எண்ணம் வரும்?

முதல் நாள் போனபோது போயா, குடிவகை விற்கக் கூடாத பௌர்ணமி நாள். சுப்பர் மார்க்கெட்டில் குடிவகை வைத்திருக்கிற மூலையைத் துணியால் மூடியிருந்தார்களாம். பேரீச்சம்பழம் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். மறுநாள் வேலை முடிந்து சீருடையோடேயே போனார். அங்கே நின்ற மனிதர், நரைத்த தலை, தமிழ் கொஞ்சம் தெரிந்த சிங்களவர், பரிசு கொடுக்கவா வீட்டுப் பாவிப்புக்கா என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறார். இவர் மருந்துக்கு என்றிருக்கிறார். அந்த மனிதர் முகம் மாறாமல், எல்லாரும் மருந்துக்குத்தான் ஐயா வாங்குறது என்று சொல்லி, ஆகக் கீழ்த்தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தாராம். முருங்கைக்கீரைக் கட்டுக்கு அடியில் வைத்து லிங்கநகரில் எங்கள் வீடு வரைக்கும் கொண்டுவந்தார். கீரைக்கு மேலால் போத்தலின் கழுத்து நன்றாகத் தெரிந்தது.

விளக்கு வைத்து முடிந்து, ஆறரை மணிக்குக் குசினி மேசையில் அதை வைத்துக்கொண்டு இருவரும் இருந்தோம். அவர் கருவிப்பெட்டியிலிருந்து இரண்டு ஸ்குரூ டிரைவரும் ஒரு குறடும் எடுத்து வந்து வரிசையாக வைத்தார். படங்களில் தக்கையை இழுப்பதைப் பார்த்திருக்கிறார். நான் மூடியைப் பார்த்தேன். சோடாப் போத்தல் மாதிரித் திருகுகிற மூடி. திருகினேன், திறந்தது. அவர் கருவிகளைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார்.

போத்தலின் பின்பக்கம் ஆங்கிலத்தில் ஏதோ நீளமாக எழுதியிருந்தது. அலுவலகத்தில் ஆங்கில உறுதிகளைப் படித்துப் பழகிய அளவுக்குப் படித்துப் பார்த்தேன். கனிந்த பழங்களும் கறுவாவும் மணக்குமாம், தொண்டையில் பட்டுப்போல இறங்குமாம், நெருப்பில் வாட்டிய இறைச்சியோடு குடிக்க நல்லதாம். அன்று எங்களிடம் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் இருந்தன. மருந்து என்றால் மருந்தாகவே எடுப்போம் என்று, மகளுடைய பழைய இருமல் மருந்துப் போத்தலோடு வந்த சிறிய அளவுக் கோப்பையைத் தேடி எடுத்துக் கழுவினேன். இரண்டு கோப்பை அளந்து ஒரு கிளாசில் விட்டேன். வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தால் நிறம் உண்மையில் இரத்தம் மாதிரித்தான் இருந்தது. அந்த நேரம் ஞானசேகரத்தை நம்பினேன்.

மணத்தில் முதலில் வந்தது வினாகிரி. அதற்குப் பின்னால், பெட்டிக்குள் மறந்து வைத்த திராட்சைப் பழம். வாயில் விட்டதும் புளிப்பு. நான் நினைத்த இனிப்பு ஒரு பொட்டும் இல்லை. விழுங்கிய பிறகுதான் மற்றது வந்தது. நாக்கு தடித்து, கன்னத்தின் உட்பக்கம் பல்லோடு ஒட்டி, வாய்க்குள் இருந்த ஈரத்தையெல்லாம் யாரோ துடைத்து எடுத்த மாதிரி இருந்தது. தொண்டையில் கொஞ்சம் சூடு. பட்டு ஒன்றும் இறங்கவில்லை.

“என்ன மாதிரி?” என்று கேட்டார்.

“கயர்.”

அவர் கிளாசை வாங்கி ஒரு வாய் குடித்தார். கண்ணை ஒடுக்கினார். “ஓம். கயர்ப்பாக்குச் சப்பின மாதிரி இருக்கு” என்றார். பிறகு, “நல்லது. ருசியா இருந்தால்தான் சந்தேகப்பட வேணும். மருந்தெண்டால் இப்பிடித்தான் இருக்கும்” என்றார்.

“நீங்கள் விடியப்புறம் ஊத்தித் தாற தேத்தண்ணி ஆறிப்போய்க் கிடந்தாலும் இதே ருசிதான்.”

“குடிக்கிறதையும் குடிச்சுப்போட்டு இப்ப குறை சொல்லுறாய்” என்றார். ஆனால் அவருக்கு அது கொஞ்சம் சுட்டிருக்க வேண்டும். அன்று இரவுக் குளிசைக்குத் தேத்தண்ணி ஊற்றியபோது சாயத்தை முகர்ந்து பார்த்ததைக் கண்டேன்.

மூன்று நாள் அப்படியே குடித்தேன். நாலாம் நாள் வாயில் வைக்கவே ஏலாமல் போனது. பிள்ளை பெற்ற பெண்களுக்கு முட்டைக்கோப்பி அடித்துக் கொடுப்பார்களே, மஞ்சள்கருவையும் சீனியையும் நுரைக்க அடித்து, கோப்பியும் ஒரு சொட்டு பிராந்தியும் விட்டு. துஷாந்தி பிறந்தபோது எனக்கும் கொடுத்தார்கள். பிராந்தியின் இடத்தில் வைனை விட்டால் என்ன என்று தனஞ்சயன் கேட்டார். கேட்டுவிட்டு எனக்குப் பதில் சொல்ல நேரம் தராமல் அடிக்கத் தொடங்கினார். வந்த சாமான் செங்கல் கழுவின தண்ணீர் நிறத்தில், மேலே ஊதா நுரையோடு, அடியில் திரிதிரியாக முட்டையோடு இருந்தது. அவரே முதலில் ஒரு வாய் வைத்தார். வைத்துவிட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. நான் சிரித்தேன். சிரிக்கிறதுக்கும் மூச்சு வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்தது. பாதியில் நிறுத்திச் சுவரைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

பிறகும் விடவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு வெறுமையாகவே குடித்தேன். காலைக்கு நீலம், இரவுக்குச் சிவப்பு, வைனுக்கு என்று ஒரு வட்டம்.

பங்குனி பத்தாந் திகதி ஏழு தசம் மூன்று.

டொக்டர் அந்த இலக்கத்தைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. பதினெட்டாந் திகதியில் என் பெயர் இருந்த இடத்தை வெட்டி, பக்கத்தில் வேறொரு பெயரை எழுதினார். கவனமாக, அழகான கையெழுத்தில் எழுதினார். இன்னும் எட்டுக் கிழமை அதே குளிசை, பிறகு பார்ப்போம். அப்போதும் ஏறாவிட்டால் ஏன் ஏறவில்லை என்று வேறு சோதனைகள் செய்ய வேண்டும் என்றார். நான் ஓம் என்றேன். வேறு சோதனைகள் என்பதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்கத் துணிவு வரவில்லை.

வெளியே பரீதா மிஸியின் மேசைக்கு முன்னால் வாங்கில் இருந்தேன். என் முறை வந்ததும் துண்டைப் பார்த்தார். கலண்டர் தாளைப் பார்த்தார். வட்டங்களைக் கண்டு, இது என்ன, கசாயம் ஏதும் குடிக்கிறீர்களா என்று கேட்டார். எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. பொய் சொல்வதற்கும் ஒரு தென்பு வேண்டும். குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் வைன் என்று சொன்னேன்.

அவர் முகக்கவசத்தைக் கீழே இழுத்தார்.

“வைனா? ஆர் சொன்ன இதக் குடிக்கச் சொல்லி?”

“இவரின்ரை வேலையிடத்திலை ஒருத்தர். இரத்தம் ஊறுமெண்டு.”

“நாங்க அத வாயில வெச்சதில்ல. ஆனா படிச்சிருக்கிறம்” என்றார். “கயர்க்கும்தானே?”

“சரியான கயர், மிஸி.”

“கயர்க்கிற சாமானெல்லாம் வயித்துக்குள்ள இரும்பப் பிடிச்சு வெச்சிக்கும், புள்ள. உடம்புக்கு விடாது. தேத்தண்ணி செய்ற அதே வேலதான். அதுக்குத்தானே வெறுந்தண்ணியோட போடச் சொல்ற.”

“வெறுந்தேத்தண்ணியோடை” என்று நான் திருத்தினேன்.

“வெறுந்தண்ணியோட.”

அவருக்கு நான் சொன்னது கேட்கவில்லை என்று நினைத்து இன்னொருமுறை சொன்னேன். அவர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“நான் சொன்னது பச்சத் தண்ணி. பைப்பத் திறந்தா வாற தண்ணி. நீங்க எதோட போடுறீங்க?”

“வெறுந்தேத்தண்ணி. கடுஞ்சாயம். ஒரு நாளைக்கு நாலு. நீங்கள் பால் கூடாதெண்டு சொன்னீங்கள்தானே.”

“பாலும் கூடா. தேத்தண்ணியும் கூடா. ஒண்டும் கூடா.”

எனக்குப் பக்கத்தில் இருந்த கர்ப்பிணிப் பெண், மூதூர்ப் பக்கம் போல, மெதுவாகக் கேட்டாள்: “மிஸி, அப்ப பிளேன்ரீயோட குளிச போடேலாதா?” அவளுக்குப் பின்னால் இருந்த வயதான அம்மாவும் தன் மருந்துப் பையைத் திறந்து உள்ளே பார்த்தார். பரீதா மிஸி எழும்பி நின்று, வாங்கில் இருந்தவர்களில் எத்தனை பேர் தேத்தண்ணியோடு போடுகிறீர்கள் என்று கேட்டார். முதலில் ஒருவரும் அசையவில்லை. பிறகு ஐந்து கைகள் உயர்ந்தன. என்னுடையதோடு ஆறு.

“பத்து வருசமா இதையேதான் சொல்லிட்டிருக்கன்” என்றார். யாரிடமும் கோபமில்லாத குரல். திரும்பக் கதிரையில் இருந்தார். அதற்குப் பிறகு அன்றைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் ‘பச்சத் தண்ணி’ என்று, தன் தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் எழும்ப மனமில்லாமல் அந்த வாங்கிலேயே இருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் சொன்னதைத்தான் நான் கேட்டேன் என்று இன்றைக்கும் சத்தியம் பண்ணுவேன். எங்கள் வீட்டில் தண்ணி குடித்தாயா என்று கேட்டால் தேத்தண்ணி குடித்தாயா என்றுதான் அர்த்தம். வெறும் என்று தொடங்கினால் தேத்தண்ணி என்று என் காது தானே முடித்துக்கொள்ளும். எழுதி வேறு ஒட்டினேன். எழுதி ஒட்டியிராவிட்டால் இடைக்கிடையாவது ஒரு நாள் மறந்துபோய்த் தண்ணீரோடு போட்டிருப்பேன்.

வீட்டுக்கு வந்து அந்தத் தாளை உரித்து எடுத்தேன். தனஞ்சயன் மூன்று மணிக்கு வந்தார். இலக்கத்தைச் சொன்னேன், திகதி போய்விட்டதைச் சொன்னேன், பிறகு தண்ணீரையும் தேத்தண்ணீரையும் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று ஒரு பக்கம் எதிர்பார்த்தேன். சிரித்திருந்தால் நானும் சிரித்து, அன்றைய பொழுதை ஒருமாதிரி ஒப்பேற்றியிருக்கலாம். அவர் சட்டையைக் கழற்றாமல் கதிரையில் இருந்தார்.

“ஒவ்வொரு நாளும் நான்தானே ஊத்தித் தந்தனான்” என்றார்.

நான்தான் கேட்டேன், நான்தான் எழுதி ஒட்டினேன், உங்களுக்கு என்ன தெரியும் என்று சொல்லிப் பார்த்தேன். அவருக்கு அது ஏறவில்லை. தட்டிப் போட்ட இஞ்சி, காலைப் பனி, நாலரை மணி அலாரம் எல்லாவற்றையும் மனதுக்குள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறார் என்று தெரிந்தது. இரண்டு மாதம் என் களைப்பை அவர் தன் கையாலேயே ஊற்றித் தந்திருக்கிறார். அதுவும் நல்ல சாயமாக. கடைசியில், லீவை ரத்துச் செய்ய வேண்டும், மாறின முறைகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு எழும்பினார். துஷாந்திக்கு அவரே தொலைபேசியில் சொன்னார். என்ன சொன்னார் என்று கேட்க நான் அறைக்குள் போகவில்லை.

மிச்ச வைன் போத்தலை அடுத்த நாள் பஸ் தரிப்பிடத்தில் வைத்து ஞானசேகரத்திடம் கொடுத்துவிட்டார். அவர் ஒரு மறுப்பும் சொல்லாமல் வாங்கிப் பைக்குள் வைத்தாராம்.

அதற்குப் பிறகு எட்டுக் கிழமை தண்ணீர். நாலரைக்கு அவர் எழும்புவதை நான் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. ஒரு கிளாஸ் தண்ணீரை இளஞ்சூடாக்கிக் கொண்டுவந்து, நான் குளிசையை விழுங்குகிற வரைக்கும் பக்கத்தில் நிற்பார். வயிறு பிரட்டும். இரண்டு நாள் சத்தியும் எடுத்தேன். தேத்தண்ணியைக் குளிசைக்கும் சாப்பாட்டுக்கும் இரண்டு மணித்தியாலம் தள்ளி வைத்தேன். ஹுஸ்னியா தான் கூட்டின சாயத்துக்கு மன்னிப்புக் கேட்டு, பதிலுக்கு ஒரு நாள் தோடம்பழச் சாறும் ஒரு நாள் நெல்லிச் சாறும் வீட்டிலிருந்து கொண்டுவந்தாள். சித்திரை முடிய, படியில் ஒரே ஒரு இடத்தில்தான் நின்றேன். ஆனாலும் அது மருந்தினாலா, ஏற வேண்டும் என்ற ஆசையினாலா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டு தரம் ஏமாந்தவள் படிகளை நம்பமாட்டாள்.

வைகாசியில் கிளினிக் நாள் தனஞ்சயனுக்குக் காலை முறை. மாற்றக் கேட்க அவருக்கு முகமில்லை. நான் தனியே போனேன். பத்து மணிக்குத் துண்டு கைக்கு வந்தது. டொக்டர் அதைப் பார்த்துவிட்டு நாட்குறிப்பை இழுத்துத் திகதி எழுதினார். பரீதா மிஸி தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவ்வளவுதான்.

தனஞ்சயனுக்கு அழைத்தால் எடுக்கமாட்டார். குதத்துக்குள் தொலைபேசி கொண்டுபோக விடமாட்டார்கள். வாசலில் ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போவார். வீட்டுக்குப் போய் மத்தியானம் வரைக்கும் இருக்கலாம். வீட்டுப் பக்கம் போகிற பஸ்ஸும் வந்தது. நான் அதை விட்டுவிட்டுச் சீனன்குடா பஸ்ஸில் ஏறினேன்.

குடாவைச் சுற்றிக்கொண்டு போகிற வழியெல்லாம் வெயில். இறங்கி வாசல் வரைக்கும் நடந்தேன். காவலில் நின்றவர் யார், எங்கே, என்ன அலுவல் என்று முறைப்படி கேட்டார். பம்பில் வேலை செய்கிற தனஞ்சயனின் மனைவி என்றேன். அவசரமா, ஆள் அனுப்பவா என்று கேட்டார். அவசரமில்லை, வேலை முடியட்டும் என்றேன். அப்படியென்றால் இரண்டு மணியாகும் என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, தான் இருந்த பிளாஸ்ரிக் கதிரையைக் காவல்கூட்டின் நிழலுக்குள் தள்ளித் தந்தார். நான் இருந்தேன். வேலிக்கு அப்பால் மரங்களுக்குள்ளே எண்ணெய்த் தாங்கிகளின் வட்டமான முதுகுகள் தெரிந்தன. அவற்றை எண்ணத் தொடங்கினேன் என்பது நினைவிருக்கிறது.

கண் விழித்தபோது அவர் முன்னால் குந்தியிருந்தார். சீருடையில் எண்ணெய் மணம். முகம் வெளிறிப் போயிருந்தது. நான் அங்கே வந்திருப்பதையும், தலையைச் சரித்துக்கொண்டு கிடப்பதையும் கண்டு வேறெதையோ நினைத்திருக்கிறார்.

“என்ன?” என்றார். “சொல்லு.”

“பத்து தசம் ஒண்டு.”

அவர் கையை நீட்டினார். துண்டை எடுத்துக் கொடுத்தேன். இலக்கத்தைப் பார்த்தார், பெயரைப் பார்த்தார், மறுபடி இலக்கத்தைப் பார்த்தார்.

“திகதி?”

“இருபத்தேழு.”

“இந்த மாதமா?”

“ஓம்.”

எழும்பும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். அவருக்கும் வயது போகிறது.  பின்னால் திரும்பி வாசலைப் பார்த்தார். மணி இரண்டே கால் ஆகியிருந்தது. உடன் வேலை செய்தவர்கள் எங்களைத் தாண்டி பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இரண்டரைக்குப் பிறகு அலுவலகக் கிளார்க் இருக்கமாட்டார்.

“இதிலை இரு” என்றார். “லீவு எழுதிக் குடுத்திட்டு வாறன்.”

தொலைபேசியைத் திரும்ப வாசலில் ஒப்படைத்தார், கையொப்பம் வைத்தார், உள்ளே போனார். காவலில் நின்றவர் நின்றபடியே இருந்தார். தன் கதிரையைக் கேட்கவில்லை. நானும் எழும்பவில்லை.